கவுனை எங்கே போடுவது, எங்கே கழற்றுவது?

கேள்வி:

அம்மா, குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா கைலி நெய்கிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், எங்கள் தெருவில் முதல் வக்கீலும் நான்தான். விழுப்புரத்தில் சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, இப்போது கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். "கவுன் இல்லாமல் எந்தக் கோர்ட்டுக்குள்ளும் கால் வைக்காதே" என்கிறார் சீனியர். கூட இருக்கும் ஜூனியர்கள், "இங்கே அது கட்டாயமே இல்லை" என்கிறார்கள். வெயில் நாளில் கோட்டும் கவுனும் போட்டு நின்றால் எனக்குத் தலை சுற்றுகிறது. என்னோடு படித்த தோழர் ஒருவர், "வெள்ளைக்காரன் விட்டுப்போன அடிமைச் சின்னம் அது, அதில் உனக்கென்ன பெருமை?" என்று கேட்கிறார். அப்பாவின் ஆசை இதற்கு நேர்மாறு. ஊர்க் கோயில் திருவிழாவில் எனக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறார்கள். மேடையில் கவுனோடு நிற்க வேண்டும், கவுன் போட்ட படத்தோடு ஃப்ளெக்ஸும் வைக்க வேண்டும் என்கிறார். மறுக்க மனம் வரவில்லை. கடைசியாக ஒன்று: பண்ருட்டி கோர்ட்டில் எங்கள் குடும்ப நில வழக்கு நடக்கிறது. அப்பாவோடு நானும் அதில் பிரதிவாதி. அந்த வாய்தாவுக்குக் கவுனோடு போகலாமா?

பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கு விதிப் புத்தகமே பதில் சொல்லிவிடும். அவற்றை முதலில் முடித்துவிட்டு, மற்றவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

வழக்கறிஞர்கள் என்ன உடை அணிய வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 49ஆவது பிரிவில், இந்திய பார் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. தட்பவெப்ப நிலையைக் கருத்தில் கொண்டு விதி வகுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். அப்படி வகுத்த விதிகளின்படி கவுன் கட்டாயமாக இருப்பது உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் மட்டும்தான். மாவட்ட நீதிமன்றம், செஷன்ஸ், சப் கோர்ட், முன்சிஃப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் எல்லாவற்றிலும் அது போடுகிறவரின் விருப்பம். உங்கள் கூட இருக்கும் ஜூனியர்கள் சொன்னது சரி.

தீர்ப்பாயங்களிலும் இதே நிலைதான். தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் 2017-இல் தன் முன் வரும் வழக்கறிஞர்கள் கவுன் போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதை எதிர்த்து வழக்கு நடந்து, 2023 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கறிஞரின் உடையைப் பற்றி விதி செய்கிற அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை என்பது அதன் சாரம். நாளைக்கு ஏதாவது ஓர் ஆணையத்திலோ தீர்ப்பாயத்திலோ கவுன் எங்கே என்று யாராவது கேட்டால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

கோட்டுக்கும் ஒரு தளர்வு உண்டு. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட் கட்டாயம் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை உங்கள் பார் அசோசியேஷன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோட் இல்லாத நாளிலும் வெள்ளையோ, கறுப்போ, பூவும் டிசைனும் இல்லாத மென்மையான நிறமோ உள்ள சேலை, அல்லது வெள்ளை, கறுப்பில் சுடிதார், கழுத்தில் வெள்ளை பேண்ட் (காலரில் கட்டித் தொங்கவிடும் வெள்ளைப் பட்டை), இவை போதும். துப்பட்டா போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம் என்று விதியே சொல்கிறது. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், புதிதாக வரும் பெண்களிடம் துப்பட்டாவைப் பற்றி விதியில் இல்லாததைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் எல்லா வராந்தாவிலும் இருக்கிறார்கள்.

இனி சீனியர் விஷயம். விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைக்காதீர்கள். கவுனைப் பற்றி அவர் இவ்வளவு கறாராக இருப்பதற்குப் பின்னால் தொழில் மேல் இருக்கும் மரியாதைதான் இருக்கும். அது நல்ல குணம், அவரிடமிருந்து நீங்கள் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மாவட்ட நீதிமன்றத்திலும் செஷன்ஸிலும் கவுன் போடுங்கள், விதி கேட்கவில்லை என்றாலும் போடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை விட்டாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடக்கும். கத்திரி வெயிலில், கடல் காற்றின் ஈரத்தோடு, ஐம்பது பேர் நெருக்கி நிற்கும் கூடத்தில் மின்விசிறியும் எட்டாத மூலையில் நீங்கள் நிற்பீர்கள். அந்த நாட்களில், "சார், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாய்தா வாங்கும் நாளில் மட்டும் கவுன் இல்லாமல் நிற்கட்டுமா? தலை சுற்றுகிறது" என்று நேராகக் கேளுங்கள். உடம்பு முடியவில்லை என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. மயங்கி விழுந்த ஜூனியரால் கட்சிக்காரருக்கு எந்தப் பயனும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். தலை சுற்றல் வெயில் குறைந்த பிறகும் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். காலையில் வெறும் டீயோடு கோர்ட்டுக்கு ஓடிவரும் ஜூனியர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அடுத்து உங்கள் தோழரின் கேள்வி. அது நியாயமான கேள்வி, கோபப்பட்டு ஒதுக்கக் கூடாது.

இந்தக் கவுன் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். அங்கே நீதிபதிகள் எந்தப் பருவத்தில் எந்த அங்கி அணிய வேண்டும் என்று 1635-லேயே விதி எழுதிவிட்டார்கள். கறுப்பு நிறத்துக்குக் காரணம் 1694-இல் இறந்த இரண்டாம் மேரி ராணிக்குத் துக்கம் காத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு முன்பே 1685-இல் இறந்த இரண்டாம் சார்லஸ் மன்னருக்காக என்பது இன்னொரு கதை. எது உண்மையானாலும் அந்தத் துக்கத்தில் நமக்குப் பங்கில்லை. அவர்களே நிறைய மாற்றிக்கொண்டுவிட்டார்கள். 2008 அக்டோபரிலிருந்து சிவில், குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் பொய்முடி வைப்பதில்லை. 2011 முதல் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்தில், வழக்கறிஞர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் அங்கி இல்லாமலே வாதாடலாம். அங்கி இல்லாவிட்டால் நீதி கெட்டுவிடும் என்று இன்று அவர்களே நினைப்பதில்லை. இந்த அளவுக்கு உங்கள் தோழரோடு நான் உடன்படுகிறேன்.

ஆனால் நீங்களும் நானும் தொழில் செய்கிற இந்தக் கரையில் கோர்ட் உடைக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. உங்கள் தோழருக்கு அது தெரிந்திருக்காது, சட்டக் கல்லூரியில் சொல்லித் தருவதும் இல்லை.

1873-ஆம் ஆண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியர் போடுவது போன்ற சப்பாத்து அணிந்து கோர்ட்டுக்குள் வந்தார். இந்தியர்கள் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். காலில் போட்டிருப்பதைக் காரணம் காட்டி, படித்த, தகுதி பெற்ற ஒரு வழக்கறிஞரை வாதாட விடவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அன்றைய வேலையைப் பார்த்திருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் பாரிஸ் வரை போனார். பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பிறகு 1881 செப்டம்பரில், சாதி சார்ந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்பும் இந்தியர்களுக்கு வழி செய்த ஆணை வந்தபோது, அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவரும் அவர்தான். லப்போர்த் என்ற பெயரை அப்போது எடுத்துக்கொண்டார். புதுச்சேரியில் லப்போர்த் வீதி என்று ஒரு வீதியே இருக்கிறது. கோர்ட் வேலையாக அந்தப் பக்கம் போனால் பெயர்ப் பலகையை நின்று பாருங்கள்.

இந்த வழக்கை நான் பல இளம் வழக்கறிஞர்களிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். அதிகாரத்தில் இருந்தவர்களின் உடையை நாம் போட்டுக்கொண்டதுதான் அடிமைத்தனம் என்று உங்கள் தோழர் நினைக்கிறார். இங்கே நடந்ததோ, அந்த உடை உனக்குக் கிடையாது என்று சொல்லித்தான் நம்மவரை வெளியே நிறுத்தினார்கள். ஒரே கூடத்தில், ஒரே நீதிபதி முன்னால், ஒரே தொழிலைச் செய்கிற இருவரில் ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் வர வேண்டும் என்ற கட்டளையில்தான் அவமானம் இருந்தது.

பெண்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1916-இல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி, வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கேட்டபோது கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. சட்டத்தில் சொல்லியிருக்கும் தகுதி ஆண்களுக்குத்தான், பெண்ணுக்குப் பொருந்தாது என்றது. 1923-இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் பெண் என்ற காரணத்துக்காக ஒருவரை வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று ஆனது. உங்களுக்கும் எனக்கும் இந்தக் கவுன் கிடைத்து நூறு ஆண்டுதான் ஆகிறது. கைலி நெய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு அது கிடைக்க இன்னும் எவ்வளவு காலம் பிடித்தது என்பது உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும்.

உடையைக் காட்டி ஆளை நிறுத்தும் பழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2014 ஜூலையில் சென்னையில், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. நம்முடைய தொழில் விதிகளில் ஆண் வழக்கறிஞர்கள் வேட்டி கட்டிக்கொண்டு வாதாடலாம் என்றே இருக்கிறது. கறுப்புக் கோட், கழுத்தில் பேண்ட், கவுன், கீழே வேட்டி. கட்டி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள் என்பது எனக்கு வருத்தம்.

இதனால்தான் கட்டாயம் இல்லாத கோர்ட்டிலும் நான் விரும்பிக் கவுன் போடுகிறேன், உங்களையும் போடச் சொல்கிறேன். கவுன் போட்டதும் சாதியும் பின்புலமும் மறைந்துவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நீதிபதி ஒரு சீனியரின் மகனைப் பார்க்கும் பார்வையும் உங்களைப் பார்க்கும் பார்வையும் முதல் சில ஆண்டுகளுக்கு ஒன்றாக இருக்காது. ஆனாலும் நீங்கள் எழுந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் விலை உயர்ந்த கோட்டும் உங்களுடைய சாதாரண கோட்டும் ஒரே கறுப்புக்குள் போய்விடுகின்றன. எதிர்த்தரப்பில் நிற்கிறவர் பத்து தலைமுறை வக்கீல் குடும்பமாக இருக்கலாம். அவர் தோளில் இருக்கும் அதே துணிதான் உங்கள் தோளிலும் இருக்கிறது. முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கட்சிக்காரர் பக்கமிருந்தும் யோசியுங்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா மகனுடைய ஜாமீனுக்காக வந்து வராந்தாவில் நிற்கிறார். டவாலி பெயரைக் கூப்பிடுவது கூட அவருக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை. உள்ளே நடப்பதில் பாதி புரியாது. அவருக்குத் தெரிகிற ஒரே விஷயம், தன் பிள்ளைக்காகக் கறுப்பு கவுன் போட்ட ஒருவர் எழுந்து பேசினார் என்பதுதான். நாம் இன்னொருவருக்காகப் பேச நிற்கிறோம் என்பதை அந்த உடை அவருக்குக் காட்டுகிறது. உடையைப் பற்றி என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: இன்னொருவருக்காகப் பேசும் இடத்தில் போடுங்கள், அந்த வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். உங்கள் மீதிக் கேள்விகளுக்கும் இதையே வைத்துப் பதில் சொல்லிவிடலாம்.

அதற்கு முன் வெயிலைப் பற்றி இன்னும் ஒன்று. உயர் நீதிமன்றத்தில் ஆண்டு முழுவதும் கவுன் கட்டாயம் என்ற விதியைக் கோடையிலாவது தளர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், காணொலி விசாரணைக்கு வெள்ளைச் சட்டையோ வெள்ளைச் சேலையோ வெள்ளைச் சல்வாரோ போதும், கழுத்தில் பேண்ட் இருந்தால் சரி என்று உச்ச நீதிமன்றமே அறிவித்தது. அந்த நாட்களில் வாதம் தரம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. கோடையில் கோட்டிலிருந்தும் கவுனிலிருந்தும் விலக்கு கேட்டு வந்த ஒரு மனுவை 2024 செப்டம்பரில் அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பார் கவுன்சிலிடம் போய்ச் சொல்லுங்கள் என்றது. அது ஒரு வகையில் சரியான திசைதான். சட்டமே தட்பவெப்பத்தைப் பார்த்து விதி செய் என்கிறது, விதி செய்கிற இடமும் பார் கவுன்சில்தான். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களின் பார் அசோசியேஷன்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால் அதற்கு ஒரு கனம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஜூனியர்கள் எழுந்து பேச வேண்டும், நீங்களும் பேசுங்கள். கவுனை மதிக்கிறவர்கள் இந்த மாற்றத்தைக் கேட்டால்தான் எடுபடும்.

சரி, அப்பாவின் ஆசைக்கு வருவோம். இதில் விதி தெளிவாக இருக்கிறது. நீதிமன்றம் தவிர வேறு பொது இடங்களில் வழக்கறிஞர் பேண்டும் கவுனும் அணியக் கூடாது. பார் கவுன்சிலோ நீதிமன்றமோ அனுமதித்த சடங்கு நிகழ்ச்சிகள் மட்டும் விதிவிலக்கு. கோயில் திருவிழா மேடை அதில் சேராது. அதனால் மேடையில் கவுன் வேண்டாம். பஸ்ஸிலும் வேண்டாம். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி கோர்ட்டுக்கு மதியம் வருகிற ஜூனியர்கள் சிலர் பேண்டோடே வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். கோட்டுக்குத் தடை இல்லை. பேண்டையும் கவுனையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

ஃப்ளெக்ஸ் இன்னும் சிக்கல். நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்கறிஞர் தன்னை விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. கவுன் போட்ட படம், பெயருக்கு முன்னால் வழக்கறிஞர் என்ற பட்டம், கீழே செல்போன் எண், இவ்வளவும் சேர்ந்தால் அப்பா மனதில் இருப்பது வெறும் சந்தோஷமானாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது விளம்பரம்தான். யாராவது ஒருவர் படம் எடுத்துப் பார் கவுன்சிலுக்கு அனுப்பினால், தொழிலின் முதல் ஆண்டிலேயே விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும். தவிர, ரோட்டோரத்து ஃப்ளெக்ஸ் மேலேயே எனக்குக் கடும் எதிர்ப்பு உண்டு. 2019 செப்டம்பரில் சென்னையில் அனுமதியில்லாத ஒரு பேனர் விழுந்து ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த எந்த வழக்கறிஞரும் தன் பெயரில் ரோட்டில் பேனர் வைக்க விடக் கூடாது.

ஆனால் அப்பாவிடம் "விதி இடம் கொடுக்காது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர் கேட்பது கவுனை அல்ல. தன் மகள் என்னவாக ஆகியிருக்கிறாள் என்பதை ஊர் பார்க்க வேண்டும், அதுதான் அவர் ஆசை. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. பட்டமளிப்பு விழாவில் போட்ட அங்கி கல்வி சார்ந்தது, வழக்கறிஞர் விதிகள் அதைத் தொடாது. அந்தப் படத்தைப் பெரிதாக ஃப்ரேம் போட்டு மேடையில் வைக்கச் சொல்லுங்கள். மேடையில் நீங்கள் நல்ல கைத்தறிச் சேலையில் நில்லுங்கள், நெசவாளர் ஊரில் அதைவிடப் பொருத்தமான உடை கிடையாது. கவுன் போட்ட படத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை. அப்புறம், அப்பாவை ஒரு நாள் மஞ்சக்குப்பத்துக்கு அழைத்து வாருங்கள். கிரிமினல் கோர்ட் திறந்த கோர்ட் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366ஆவது பிரிவு சொல்கிறது. இடம் இருக்கிற வரை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். செல்போனை அணைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஏதாவது ஒரு சின்ன மனுவிலாவது எழுந்து பேசுகிற நாளாகப் பார்த்து அழைத்து வாருங்கள்.

மேயர் அங்கியும் சங்கிலியும் போட்டு விழாவுக்கு வருகிறாரே, நாம் ஏன் கூடாது என்று ஊரில் யாராவது கேட்கலாம். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆன பிறகு இந்தக் கேள்வி நம் பக்கத்தில் புதிதாக வருகிறது. மேயர் ஊரின் பிரதிநிதி, ஊர் கூடும் இடம்தான் அவருடைய வேலை இடம். நம்முடைய வேலை இடம் கோர்ட்.

பட்டமளிப்பு அங்கியைப் பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பட்டமளிப்பு விழா உடைகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் தன் கீழுள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, கறுப்பு அங்கியையும் தொப்பியையும் விட்டுவிட்டு அந்தந்த மாநில மரபை ஒட்டிய உடையை வடிவமைக்கச் சொன்னது. எனக்கு அது சந்தோஷம். நம் கவுனுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. விதிகள் வழக்கறிஞர் கவுனைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர எந்தத் துணி என்று சொல்லவில்லை. கடையில் கிடைக்கும் ரெடிமேட் கவுன் பெரும்பாலும் பாலியெஸ்டர். வெயிலில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு புழுங்கும், உங்கள் தலை சுற்றலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மெல்லிய பருத்தியில், காற்றுப் போகிற நெசவில், கறுப்பு நூலில் அப்பா துணி நெய்து தர முடியுமா என்று கேளுங்கள். கைலித் தறியின் அகலத்துக்கு ஏற்ப இணைத்துத் தைக்க வேண்டியிருக்கும். கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல்களுக்குத் தைத்துப் பழகிய டெய்லரிடம் அளவுக்கு ஒரு பழைய கவுனைக் கொடுங்கள். சாயம் நன்றாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையில் பேண்டும் காலரும் கறுத்துவிடும். முதலில் ஒரு முழத்தை நனைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். இரண்டு கவுன் இருந்தால் நல்லது. ஒன்றைத் துவைத்துப் போட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். வாரக் கணக்கில் துவைக்காமல் பார் அசோசியேஷன் அறை ஆணியில் தொங்கும் கவுனை எடுத்து மாட்டிக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பண்ருட்டி வழக்கு. அங்கே நீங்கள் பிரதிவாதி, அதாவது கட்சிக்காரர். சொந்த வழக்கில் கட்சியாக நிற்கும்போது பேண்டும் கவுனும் போடக் கூடாது. யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பதில் நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் குழப்பம் வரக் கூடாது. தவிர, அந்த நிலத்தைப் பற்றி நீங்கள் சாட்சி சொல்ல வேண்டி வரலாம். தான் சாட்சியாக வரக்கூடிய வழக்கில் வழக்கறிஞராக ஆஜராகக் கூடாது என்றும் நம் நடத்தை விதியில் இருக்கிறது. அதனால் அப்பாவுக்காகவும் நீங்கள் வக்காலத்து போடாதீர்கள், இப்போது அந்த வழக்கைப் பார்க்கிற வழக்கறிஞரே தொடரட்டும். வழக்குக் கட்டை வீட்டில் படித்துப் பார்த்து அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. வாய்தா அன்று சாதாரணச் சேலையோ சுடிதாரோ அணிந்து அப்பாவோடு போங்கள். வழக்கறிஞர்களுக்கான நாற்காலியில் உட்காராமல், பெயர் கூப்பிடும்போது மற்ற கட்சிக்காரர்களைப் போல முன்னால் வந்து நின்றுவிட்டுத் திரும்புங்கள். அதே நாளில் உங்கள் சீனியரின் வழக்கு ஏதாவது அந்தக் கோர்ட்டில் இருந்தால், வேறு ஜூனியரை அனுப்பும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.